முடக்குவாதமும் உயிரியல் மருந்துகளும்

மூட்டில் வலி தோன்றிவிட்டால் நம் மக்கள் அதனை 'வாதம்' என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுவர். முதுமையில் முழங்கால் தேய்வதும் வாதம். யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரல் வீங்குவதும் வாதம். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் விரல்கள் காலையில் மடங்க மறுப்பதும் வாதம். யூனானி மருத்துவத்திலும் 'வஜவுல் மஃபாஸில்', அதாவது மூட்டுகளின் வலி, என்னும் பொதுப்பெயர் பல நோய்களைத் தன்னுள் அடக்கி நின்றது. 1037-இல் மறைந்த இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில் மூட்டுவலிகளுக்கெனத் தனி இடம் ஒதுக்கினார். எனினும் அவற்றுள் ஒன்றைத் தனி நோயாகப் பிரித்தறியும் பணி பிற்காலத்தார்க்கே வாய்த்தது. 1800-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் லாந்த்ரே-போவே அதனை விவரித்தார். 1859-இல் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட் 'ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்' என்று பெயரிட்டார். தமிழில் முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் வழங்குவது இதுவே.

இந்நோய்க்குக் கடந்த கால் நூற்றாண்டாக 'உயிரியல் மருந்துகள்' என்னும் புதுவகை ஊசிகள் பயன்பட்டு வருகின்றன. பழனி வட்டத்துக் கீரனூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்து மதுரைக்கும் கோவைக்கும் மருத்துவம் நாடிச் செல்வோர், திரும்பி வந்து நம்மிடம் சில ஐயங்களை எழுப்புகின்றனர். இவ்வூசி எதனால் செய்யப்படுகிறது? விலங்கிலிருந்து எடுக்கப்படுகிறதா? நோன்பில் போடலாமா? உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடுமாமே? அரபுக் கல்லூரியில் பாடம் நடத்தும் நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும், ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு அப்பொருளைப் பற்றிய தெளிவிலிருந்தே கிளைக்க வேண்டும் என்பது நம் மாணவர்கள் முதலாண்டிலேயே கேட்கும் விதி. அத்தெளிவுக்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

நம் உடலில் நோயெதிர்ப்பாற்றல் என்றொரு காவல் அமைப்பு உண்டு. வெளியிலிருந்து நுழையும் கிருமிகளை இனங்கண்டு அழிப்பது அதன் கடமை. முடக்குவாதத்தில் இக்காவல் தன் வீட்டாரையே அயலாராகக் கருதித் தாக்குகிறது. மூட்டின் உட்புறத்தில், வழுவழுப்பான நீரைச் சுரக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. இயல்பில் அதன் மேற்பரப்பு ஓரிரு உயிரணு அடுக்குகளே தடிப்புடையது. நோய் தோன்றினால் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. சவ்வு தடித்துப் பெருகி, அருகிலுள்ள குருத்தெலும்பின் மீது படர்ந்து அதனை அரிக்கிறது. பின்னர் எலும்பையும் அரிக்கிறது. தேய்மானத்தில் குருத்தெலும்பு நாட்பட்டுத் தேய்கிறது. முடக்குவாதத்திலோ அது உண்ணப்படுகிறது என்றே கூறலாம்.

இந்நோய் பெரும்பாலும் இரு கைகளிலும், விரல்களின் சிறு மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் ஒருசேரத் தோன்றும். ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மும்மடங்கு மிகுதியாகப் பற்றும். காலை எழுந்ததும் மூட்டுகள் இறுகி நிற்பதும், அவ்விறுக்கம் ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ நீடிப்பதும் இதன் தனி அடையாளம். நேரம் செல்லச் செல்ல இறுக்கம் தளரும். இதனால் விளையும் துயரம் ஒன்றை நாம் நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். ஸுப்ஹு நேரத்தில் குடத்தைத் தூக்க இயலாத மருமகள், நண்பகலில் அம்மி அரைக்கிறாள். உடனே 'காலை வேலைக்கு மட்டும் வலியா?' என்று வீட்டார் கேட்கின்றனர். அவள் சோம்பலுடையவள் என்று பெயரெடுக்கிறாள். நோயோ உள்ளே எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது.

டில்லிக்கு அருகில் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் வீடு வீடாக நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஓர் ஆய்வு, வயதுவந்தோரில் 0.75 விழுக்காட்டினர்க்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அந்த விகிதம் நம் பகுதிக்கும் பொருந்துமாயின், பத்தாயிரம் வயதுவந்தோர் வாழும் ஊரில் எழுபத்தைந்து பேர்க்கு இந்நோய் இருக்கும். எலும்பரிப்பு பெரும்பாலும் நோய் தொடங்கிய முதலிரண்டு ஆண்டுகளிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. அரித்த எலும்பை எம்மருந்தும் மீட்டுத் தருவதில்லை. ஆகவே நோயைக் காலத்தே அறிவது முதற்கடமை. இரத்தத்தில் ருமட்டாய்டு காரணி, சி.சி.பி. எதிர்ப்பொருள் ஆகியவற்றைக் காணும் சோதனைகள் இதற்கு உதவுகின்றன. சிலரிடம் இவை நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றிவிடுகின்றன.

மருந்து பிறந்த வரலாறு

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் என்பார், படுக்கையில் கிடந்த நோயாளி ஒருவர்க்குக் கார்ட்டிசோன் ஊசி செலுத்த, அவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950-இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கார்ட்டிசோனும் அதன் இனமான ஸ்டீராய்டுகளும் நோயெதிர்ப்பு முழுவதையும் ஒருங்கே அடக்குபவை. நெடுநாள் உட்கொண்டோர்க்கு எலும்பு நலிந்தது, சர்க்கரை ஏறியது, கண்புரை வந்தது. 'ஒரே ஊசியில் வலி பறக்கும்' என்று இன்றும் முறையற்றோர் சிலர் செலுத்துவதும், பெயரில்லாப் பொடிகளில் கலந்து தருவதும் பெரும்பாலும் இந்த ஸ்டீராய்டையே. மருத்துவர் குறைந்த அளவில், குறுகிய காலத்திற்குத் தருவது வேறு, இது வேறு.

பின்னர் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரை பயன்பாட்டுக்கு வந்தது. 1988-இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கு அதனை ஏற்றது. விலை மலிவான இம்மாத்திரையே இன்றளவும் சிகிச்சையின் அடித்தளம். இருப்பினும் அதனால் மட்டும் நோய் அடங்காத ஒரு கூட்டம் எஞ்சியது.

இந்நிலையில் லண்டன் கென்னடி வாதநோய் ஆய்வு நிறுவனத்தில் இருவர் ஒரு கேள்வியை எழுப்பினர். ஒருவர் மார்க் ஃபெல்ட்மன். மற்றவர் ரவீந்தர் மைனி, நம் பஞ்சாபின் லூதியானாவில் 1937-இல் பிறந்தவர். வீங்கிய மூட்டில் வெள்ளணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பலவகைப் புரதங்களைச் சுரக்கின்றன. இத்தனை தூதர்களுள் ஒருவனை மட்டும் தடுத்தால் பயன் உண்டா? மற்றவர் அவ்விடத்தை நிரப்பிவிடமாட்டார்களா? நோயாளிகளின் மூட்டுத் திசுவை ஆய்வகத்தில் வளர்த்து, 'டியூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்' எனப்படும் டி.என்.எஃப். என்ற ஒரே புரதத்தைத் தடுத்துப் பார்த்தனர். அதனைத் தடுத்ததும் இண்டர்லூக்கின்-1 என்னும் மற்றொரு தூதுப் புரதத்தின் சுரப்பும் குறைந்தது. டி.என்.எஃப். வெறுந்தூதன் அல்லன், தூதர்களுக்குத் தலைவன் என்பது 1989-இல் புலனாயிற்று.

தலைவனை மட்டும் பிடிக்கும் கருவியும் அதற்குள் ஆயத்தமாகியிருந்தது. 1975-இல் கேம்பிரிட்ஜில் சேசர் மில்ஸ்டைன், ஜார்ஜ் கோலர் ஆகிய இருவரும், ஒரே வகையான எதிர்ப்பொருளை மட்டும் இடையறாது சுரக்கும் உயிரணுக்களை உருவாக்கும் முறையைக் கண்டனர். 1984-இல் இதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அம்முறையின் வழிவந்த எதிர்ப்பொருளை 1992-இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் இருபது நோயாளிகளுக்குச் செலுத்தினர். வலியும் வீக்கமும் விரைந்து தணிந்தன. 73 பேரைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டுச் சோதனை 1994-இல் அதனை உறுதி செய்தது. அம்மருந்தே இன்ஃப்லிக்சிமேப். அமெரிக்காவில் எட்டனர்செப்ட் 1998-இலும், இன்ஃப்லிக்சிமேப் 1999-இலும், அடலிமுமேப் 2002-இன் இறுதியிலும் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றன.

செயற்படும் முறை

எதிர்ப்பொருள் என்பது இரு கைகளை நீட்டி நிற்கும் வடிவிலான ஒரு புரதம். அதன் கைநுனிகள் குறிப்பிட்ட ஒரே இலக்கைத்தான் பற்றும். பூட்டுக்கேற்ற சாவி போன்றது. இன்ஃப்லிக்சிமேபும் அடலிமுமேபும் டி.என்.எஃப்.-ஐப் பற்றிக்கொள்கின்றன. பற்றப்பட்ட டி.என்.எஃப். உயிரணுவின் வாயிலில் சென்று செய்தி சொல்ல இயலாது. எட்டனர்செப்ட் வேறு வழியில் அதே பணியைச் செய்கிறது. டி.என்.எஃப். சென்று சேர வேண்டிய ஏற்பியைப் போன்றே செய்யப்பட்ட போலி வாயில் அது. தூதன் வீடு மாறிச் சென்று அங்கேயே தங்கிவிடுகிறான்.

டி.என்.எஃப். தவிர வேறு இலக்குகளும் உள. ஜப்பானில் கிஷிமோத்தோவின் ஆய்வுகள் வழி உருவான டோசிலிசுமேப், இண்டர்லூக்கின்-6 என்னும் தூதுப் புரதம் நுழையும் வாயிலை அடைக்கிறது. ரிட்டுக்சிமேப், எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்களின் முன்னோடிகளான 'பி' அணுக்களைக் குறைக்கிறது. அபட்டாசெப்ட், 'டி' அணுக்கள் போருக்கு எழத் தேவையான இரண்டாம் ஆணையை நிறுத்திவைக்கிறது.

சொல்லின் வாய்பாட்டைக் கொண்டே பொருளின் சாயலை உணரப் பழகியவர் அரபு இலக்கண மாணவர். இம்மருந்துப் பெயர்களும் அத்தகையனவே. 'மேப்' என முடிவன ஒற்றை வகை எதிர்ப்பொருள்கள். 'செப்ட்' என முடிவன ஏற்பியைப் போல அமைந்தவை. இவற்றுக்குப் பெயரிட்ட காலத்து முறைப்படி, 'சிமேப்' எனில் ஒரு பகுதி எலியின் எதிர்ப்பொருளை ஒத்தது. 'சுமேப்' எனில் பெரும்பாலும் மனிதத் தன்மையுடையது. 'முமேப்' எனில் முழுதும் மனித எதிர்ப்பொருளின் அமைப்புடையது. அயற்பகுதி மிகுந்தால் உடல் அம்மருந்தையே அயலானாகக் கருதி எதிர்க்கும், பயன் குன்றும். இதனைக் குறைக்கவே பல நோயாளிகளுக்கு இவ்வூசியுடன் மெத்தோட்ரெக்ஸேட்டும் தொடர்ந்து தரப்படுகிறது.

இவை ஏன் மாத்திரையாகக் கிடைப்பதில்லை? புரதமாதலின் வயிற்றில் இறைச்சியும் பருப்பும் செரிப்பது போலவே செரித்துவிடும். ஆகவே தோலின் கீழோ நரம்பின் வழியோ செலுத்தப்படுகின்றன. அடலிமுமேப் வழக்கமாக இரு வாரங்களுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். எட்டனர்செப்ட் வாரந்தோறும் 50 மில்லிகிராம். இன்ஃப்லிக்சிமேப் தொடக்கத்தில் மூன்று முறை, பின்னர் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை.

இவை நோயை வேரோடு களைவன அல்ல. மருந்து நின்றால் பலர்க்கும் நோய் மீளும். ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு முதல் மருந்து போதிய பயன் தருவதில்லை. இலக்கை மாற்றி வேறொன்றைத் தர நேரும். ஆயினும் தக்க நேரத்தில் தொடங்கியோர் பலர் விரல் கோணாமல், வேலை இழக்காமல் வாழ இம்மருந்துகள் வழி செய்துள்ளன.

அதே செயலின் மறுபக்கம்

இனி வாசகர் மிகுந்த கவனத்துடன் அறிய வேண்டியதைச் சொல்வோம். காசநோய்க் கிருமி நுழைந்த ஒவ்வொருவரும் நோயாளியாவதில்லை. பெரும்பாலோரின் உடலில் வெள்ளணுக்கள் அக்கிருமியைச் சூழ்ந்து சுவரெழுப்பிச் சிறை வைக்கின்றன. கிருமி சாவதில்லை, உறங்குகிறது. அச்சுவர் இடிந்து விழாமல் தாங்கி நிற்பது எது? மூட்டை அரித்த அதே டி.என்.எஃப்.-தான். மூட்டுக்காக அதனைத் தடுத்தால், நுரையீரலில் சிறைச்சுவரும் தளர்கிறது. மருந்தின் நன்மையும் தீமையும் இருவேறு செயல்கள் அல்ல. ஒரே செயலின் இரு விளைவுகள்.

2001-இல், இன்ஃப்லிக்சிமேப் பெற்றோரிடையே தோன்றிய 70 காசநோய் நிகழ்வுகள் தொகுத்து வெளியிடப்பட்டன. அவற்றுள் 48 பேர்க்கு, மூன்று அல்லது அதற்கும் குறைந்த தவணைகளுக்குப் பின்னரே நோய் வெளிப்பட்டிருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர்க்கு நுரையீரலுக்கு வெளியே, நிணநீர்க் கட்டிகள் முதலிய இடங்களில் நோய் கண்டது. அதன் பின்னரே, ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை என்பது உலகெங்கும் கட்டாய வழக்காயிற்று.

காசநோய் அருகிய நாடுகளுக்கே இவ்வளவு எச்சரிக்கை தேவையெனில், நம் நிலை என்ன? உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய ஆய்வு, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இக்கிருமியின் தொற்று இருப்பதைக் காட்டியது. நம் தமிழ்நாட்டுக்கு இந்நோயுடன் நெடிய உறவு உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையந்தான், நோயாளியை விடுதியில் வைக்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பதை 1959-இல் உலகிற்குக் காட்டியது. அதுவே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்நகரின் அறிவு இங்கே நமக்குப் பயன்படுகிறது.

ஆகவே ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்-ரேயும், மாண்டூ தோற்சோதனையும் அல்லது 'இக்ரா' எனப்படும் இரத்தச் சோதனையும் செய்யப்படும். பி.சி.ஜி. தடுப்பூசி இட்டவரிடம் மாண்டூ சில வேளை தவறான குறி காட்டலாம்; இக்ராவுக்கு அக்குறை இல்லை. உறங்கும் கிருமி இருப்பது தெரிந்தால், தடுப்பு மருந்து தொடங்கப்படும். வழக்கமாகக் குறைந்தது ஒரு மாதமேனும் கழிந்த பின்னரே உயிரியல் மருந்து தரப்படும். 2021-இல் வெளியான மைய அரசின் வழிகாட்டுதல், டி.என்.எஃப். தடுப்பு மருந்து பெறுவோரையும் இத்தடுப்பு மருந்துக்குரியோர் பட்டியலில் சேர்த்துள்ளது. சோதனையில் ஏதும் இல்லையென்றாலும், ஊசி பெறுங்காலத்தில் இரு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, கழுத்துக் கட்டி ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் விரைய வேண்டும். ஹெபடைடிஸ்-பி சோதனையும் முன்னரே செய்வது முறை. ரிட்டுக்சிமேப் பெறுவோர்க்கு அது இன்றியமையாதது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளையும் இக்காலத்தில் தவிர்க்க வேண்டும்.

நம்மவர் எழுப்பும் ஐயங்கள்

இம்மருந்து விலங்கின் இறைச்சியிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ பிழியப்படுவதன்று. அடலிமுமேப், எட்டனர்செப்ட், ரிட்டுக்சிமேப், டோசிலிசுமேப் ஆகியவை சீன வெள்ளெலி வகை ஒன்றின் சினைப்பையிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து, அன்று முதல் ஆய்வகத்தில் பெருகி வரும் உயிரணுக்களில் உருவாக்கப்படுகின்றன. இன்ஃப்லிக்சிமேப் சுண்டெலி உயிரணு வழியில் உருவாக்கப்படுகிறது. எதிர்ப்பொருளுக்கான மரபுக் கட்டளை அவ்வணுக்களுள் வைக்கப்படுகிறது. பெரிய எஃகுக் கலங்களில் அவை வளர்ந்து புரதத்தைச் சுரக்கின்றன. பல கட்ட வடிகட்டலுக்குப் பின் புரதம் மட்டும் தனியே பிரிக்கப்படுகிறது. உண்மை நிலை இது. இதன் மீது மார்க்கத் தீர்ப்பு வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு; அவர்களிடம் கேட்போர் 'எலி ஊசி' என்று சொல்லாமல் இவ்விவரத்தைச் சொல்லிக் கேட்பது நேர்மை.

நோன்பைப் பொறுத்தவரை, பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997-இல் ஜித்தாவில் நிறைவேற்றிய தீர்மானத்தில், ஊட்டமளிக்கும் திரவங்கள் நீங்கலாக, தோல், தசை, நரம்பு வழிச் செலுத்தும் மருத்துவ ஊசிகள் நோன்பை முறிப்பவற்றில் சேரா என்று கூறியுள்ளது. வேறு கருத்துடையோரும் உளர். பேணுதலை நாடுவோர் இரவில் போட்டுக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை, இரு வாரத்திற்கு ஒருமுறை வரும் மருந்தில் அது கடினமன்று. அல்லாஹ் மிக அறிந்தவன்.

விலையும் பெரும் ஐயம். ஆஸ்பிரின் மூலக்கூறின் எடை 180. அடலிமுமேபின் எடை ஏறத்தாழ 1,48,000. வேதிப்பொருளைக் கலந்து ஆக்குவது போல அதனை ஆக்க முடியாது. உயிரணுவே செய்ய வேண்டும். அதனால் ஒரு நிறுவனத்தின் மருந்தை மற்றொன்று அச்சுப் பிசகாமல் படியெடுக்கவும் இயலாது. மிக நெருங்கிய ஒப்பு மருந்தையே உருவாக்க முடியும். 'பயோசிமிலர்' எனப்படுவது அதுவே. இந்தியாவில் இவற்றுக்கான நெறிமுறை 2012-இல் வகுக்கப்பட்டு 2016-இல் திருத்தப்பட்டது. 2007-இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் ரிட்டுக்சிமேபின் ஒப்பு மருந்தை வெளியிட்டது. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் ஸைடஸ் நிறுவனம் அடலிமுமேபின் ஒப்பு மருந்தை உலகிலேயே முதன்முதலாக, அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு விற்பனைக்குக் கொணர்ந்தது. விலை தணிந்தும், தினக்கூலிக் குடும்பத்துக்கு இது இன்னும் எளிதன்று. ஆகவேதான் மருத்துவர்கள் மெத்தோட்ரெக்ஸேட் முதலிய மாத்திரைகளை முதலில் முறையாகத் தந்து பார்க்கின்றனர். இது ஏழைக்கென்று ஒதுக்கிய தாழ்ந்த வைத்தியம் அன்று, செல்வர்க்கும் இதுவே வரிசை.

அம்மாத்திரையைப் பற்றி ஒன்று. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்திற்கு ஒரே நாள் உட்கொள்வது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே கேடு. எழுத்தறியாத முதியோர்க்கு வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை என ஒரு நாளை உறுதியாகச் சொல்லி, அட்டையில் எழுதித் தருவது வீட்டுப் பிள்ளைகளின் கடமை. கருவில் வளரும் சிசுவுக்கும் அது தீங்கிழைக்கும். எனவே இந்நோயுள்ள பெண்ணுக்குத் திருமணம் உறுதியாகும்போதோ, கருவுற எண்ணும்போதோ மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நோயை மறைத்து நிக்காஹ் முடித்து, பின்னர் மருந்தையும் மறைத்து உட்கொள்ளச் செய்வது அப்பெண்ணுக்கும் பிறக்கும் குழந்தைக்கும் செய்யும் அநீதி.

சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் வாதநோய்க்கெனத் தனித்துறைகள் உள. ஆறு வாரத்திற்கு மேல் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் இறுகி நிற்குமானால், ஊசிக்காரரையும் பொடிக்காரரையும் விட்டு அத்தகைய துறையை நாடுவதே அறிவுடைமை. அங்கே உயிரியல் மருந்து பரிந்துரைக்கப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இம்மருந்து எதனைத் தடுக்கிறது? அதனைத் தடுப்பதால் என் உடலில் எந்தக் காவல் தளரும்? அதற்கான சோதனை முடிந்ததா? முதற்கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் தாமே பிறக்கும். அம்மூன்றுக்கும் விடை பெற்றவர் ஊசிக்கு அஞ்சவும் வேண்டியதில்லை, அதனை அற்புதமென்று நம்பி ஏமாறவும் வேண்டியதில்லை.